ஆமாம்மா

அத்தியாயம் 17

போன வாரம், பையின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்ட இடத்தில் விட்டிருந்தோம். இந்த வாரமும் அது அங்கேயேதான் நிற்கிறது. மருமகள் இழுத்துப் பார்த்தாள், மெழுகுவத்தி தேய்த்துப் பார்த்தாள். நகர்வேனா என்கிறது.

பைக்குள் நாலு நைட்டி, ஒரு ஸ்வெட்டர், மருந்து டப்பா, ஒரு சீப்பு. ஒரு குடும்பத்தையே இழுத்துக்கொண்டு வந்தவளின் சாமான் அவ்வளவுதான். சாயங்காலம் நாலு மணிக்கு முதியோர் இல்லத்து வண்டி வரும்.

வாராவாரம் படிப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போகலாம். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த வீட்டு அம்மாவை வெளியே டைப்பம்மா என்று சொன்னால்தான் தெரியும். வக்கீல் அலுவலகத்தில் நாற்பது வருஷம் தட்டச்சு. திரையைப் பார்க்காமல் அடிப்பாள், அடித்ததைத் திருப்பிப் பார்க்கவும் மாட்டாள். பிழை இருந்தால்தானே பார்ப்பதற்கு என்பாள். கொஞ்சம் கர்வம்தான், ஆனால் கையில் சரக்கு இருந்தது.

போன வருஷம் பக்கவாதம் வந்தது. பேச்சும் வலது கையும் போயின. பார்வை மங்கி, திரை என்றால் ஒரு வெளிச்சம் என்ற அளவில் நின்றது. தலை எந்நேரமும் லேசாக ஆடிக்கொண்டே இருந்ததால், அவள் ஆமாம் என்கிறாளா இல்லை என்கிறாளா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. புத்தி மட்டும் அப்படியே இருந்தது. ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு, மிச்சமிருந்த இடது கையால் மொத்த விசைப்பலகையையும் ஆளப் பழகிக்கொண்டாள். அதன் பிறகு அவளுடைய வாய், படுக்கை மேஜையில் இருந்த அந்தப் பழைய லேப்டாப்தான்.

வாய் இருந்த காலத்தில் "தண்ணி குடுடா" என்றவள், விசையில் கை வைத்தால் "தண்ணீர் வேண்டும்." என்று முற்றுப்புள்ளியோடு அடிப்பாள். மகனுக்குச் சிரிப்பு வரும். "என்னம்மா, கோர்ட்டுக்கா மனு போடறே?" என்பான். "மனுதாரர் தாகத்தில் இருக்கிறார்." என்று பதில் வரும்.

அந்தச் சிரிப்பு போய்ப் பத்து நாளுக்கு மேலாகிறது.

மூன்று அத்தியாயத்துக்கு முன்னால் நெஞ்சில் சளி கட்டி அம்மா நாலு நாள் மருத்துவமனையில் கிடந்தாள். அந்த நாலு நாளில் மகன் ஒரு நல்ல காரியம் செய்தான். நல்ல காரியம் என்றுதான் அப்போது நானும் எழுதினேன்.

லேப்டாப்புக்கு வயது பதினொன்று. அதைத் திறந்து வைத்துவிட்டுப் போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம், அப்புறம்தான் கண் விழிக்கும். பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இனிப் பாதுகாப்பு கிடையாது என்று தினமும் ஓர் எச்சரிக்கை வேறு. மகன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிற ஜாதி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, பழையதைத் துடைத்துப் புது சிஸ்டம் ஏற்றினான். அம்மாவின் கோப்புகளை எல்லாம் பென் டிரைவில் எடுத்துப் பத்திரமாகத் திரும்ப வைத்தான்.

"ஒண்ணுகூட விடல" என்று பெண்டாட்டியிடம் பெருமை வேறு.

அம்மா வீட்டுக்கு வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, பழையபடி கடகடவென்று அடித்தாள். மகன் ஆசையாக எட்டிப் பார்த்தான். திரை முழுக்க ஆங்கில எழுத்துகள். நடுநடுவே அரைப்புள்ளி, காற்புள்ளி, சம்பந்தமில்லாமல் ஒரு பெரிய எழுத்து. ஒரு வார்த்தைகூட வார்த்தையாக இல்லை.

 இன்னொரு சின்ன அட்டாக் வந்தால் நினைவு தடுமாறலாம் என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். திரையை ஃபோனில் படமெடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினான். அவர் படத்தைத்தான் பார்த்தார், அம்மாவைப் பார்க்கவில்லை.

"நான் பயந்தது நடந்துடுச்சு போலிருக்கு. திருத்தாதீங்க, பதட்டப்படுவாங்க. எது அடிச்சாலும் ஆமான்னு சொல்லுங்க. நிம்மதியா இருப்பாங்க."

அன்றிலிருந்து மகன் தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் அம்மா பக்கத்தில் உட்காருவான். அவள் அடிப்பாள். அவன் அவள் முடியைக் கோதிக்கொண்டே, "ஆமாம்மா, ஆமா" என்பான். அடித்ததை அந்தந்தத் தேதி போட்டுப் பென் டிரைவில் சேமித்தும் வைப்பான், டாக்டருக்குக் காட்ட.

நினைவு தவறியவளை வீட்டில் தனியாக விட்டுவிட்டு இரண்டு பேரும் வேலைக்குப் போக முடியாது. இல்லத்துக்கு ஃபோன் போனது அப்படித்தான்.

இன்று திங்கட்கிழமை. காலை எட்டு மணி.

"வெள்ளிக்கிழமையிலேருந்து அத்தை லேப்டாப்பையே தொடல, கவனிச்சீங்களா?" என்றாள் மருமகள்.

"கவனிச்சேன்."

"கையைப் போர்வைக்குள்ள வெச்சுக்கிட்டு எடுக்கவே மாட்டேங்கறாங்க. நேத்து நான் எடுத்து விசை மேல வெச்சேன். உருவிக்கிட்டாங்க."

"அடிக்கணும்கிறதே மறந்து போயிருக்கும்" என்றான் அவன். சொல்லிவிட்டு ஷூ லேஸைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டான். லேஸ் ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

"சின்னவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிடலாமா?"

சின்னவள் அவனுடைய தங்கை. நாலு வருஷத்துக்கு முன் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு போனவள். அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று வாசகர்களே இரண்டு கட்சியாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், நான் தலையிட மாட்டேன்.

"அம்மாவுக்கு நினைவு இருந்தப்பவே வராதவ, இப்ப எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அவன் அம்மாவின் அறைக்குப் போனான்.

அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அறை புழுங்கியது. சளி பிடித்த உடம்பு என்று ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தார்கள்.

"அம்மா, மூணு மணிக்கு வந்துடறேன். வண்டி நாலுக்குத்தான்."

தலை ஆடியது. அது எப்போதும் ஆடுகிற தலை. அவன் நெற்றியைத் தொட்டுவிட்டுக் கிளம்பினான்.

மருமகளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க மனிதர்களை நாற்காலியில் உட்காரவைத்து, "மேல் வரியைப் படிங்க, இப்ப அதுக்குக் கீழ" என்று எழுத்துகளை வாசிக்கச் சொல்வாள். அர்த்தமில்லாத எழுத்து வரிசைகள் அவளுக்குப் பழக்கம். அதனாலேயோ என்னவோ, அத்தை அடித்து வைத்ததில் ஒரு கொத்து அவள் கண்ணில் தங்கிவிட்டது. ஜி, எச், யூ, கே, எச். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் இரண்டு தடவை வந்திருந்தது. பாவம், கை ஒரே இடத்தில் சுற்றுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இன்று பாதி நாள் லீவு. பக்கத்து வீட்டுக்காரரை ஒரு மணி நேரம் அத்தைக்குத் துணையாக உட்காரச் சொல்லிவிட்டு, இல்லத்தின் சேர்க்கைப் படிவத்தைப் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். அவன் பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

கடையில் ஆபரேட்டர் பெண் ஒருத்திதான். ஒரு கை மவுஸில், ஒரு கை விசிட்டிங் கார்டுகளை எண்ணிக்கொண்டிருந்தது. வாயில் ரப்பர் பேண்ட்.

"எந்த ஃபைல்க்கா?"

"படிவம்னு இருக்கும் பாரு."

அவள் இரண்டு தடவை தட்டினாள். திறந்தது படிவம் இல்லை. மேலே இருந்த இன்னொரு கோப்பு. அதன் பெயர் 'அம்மா'. திரை முழுக்க அரைப்புள்ளிகள்.

"ஐயோ, அது இல்லம்மா. எங்க அத்தை அடிச்சது. உடம்புக்கு முடியாதவங்க. மூடிடு."

"ஃபாண்ட் இல்லாம எடுத்துட்டு வந்திருக்கீங்க."

"என்னது?"

அந்தப் பெண் விளக்கவில்லை. ரப்பர் பேண்ட்டைக் கார்டுகளுக்குப் போட்டாள். இன்னொரு கை மொத்தத்தையும் தேர்ந்தெடுத்தது, மேலே இருந்த பட்டியலில் கீழே கீழே போய் ஒரு பெயரைத் தட்டியது. ஒரு நாளைக்கு இருபது தடவை செய்கிற வேலை.

திரையில் தமிழ் வந்தது.

"பழைய தமிழ் ஃபாண்ட்க்கா. அந்தக் காலத்து டைப்பிங் ஆளுங்க இதுலதான் அடிப்பாங்க. ஃபாண்ட் இல்லாத மெஷின்ல இப்படித்தான் இங்கிலீஷா தெரியும். புது சிஸ்டம் ஏத்துனா ஃபாண்டைத் தனியாப் போட்டுக்கணும். வாரத்துக்கு நாலு பேர் வைரஸ்னு பயந்துக்கிட்டு வருவாங்க." அவள் கண்ணைத் திரையில் ஓட்டினாள். "அட, ஒரு தப்புகூட இல்லையே. யாருக்கா அடிச்சது?"

 மருமகள் எழுந்து நின்று படித்தாள். திங்கட்கிழமை, அதாவது வீட்டுக்கு வந்த முதல் நாள்:

'வீட்டுக்கு வந்தது நிம்மதி. ஆஸ்பத்திரிப் போர்வை உறுத்தும். ஜன்னலைத் திறந்து வை.'

செவ்வாய்: 'ஜன்னல்.'

அதற்குக் கீழே: 'இரண்டு நாளாகக் கேட்கிறேன். மறந்துவிட்டீர்கள் போல.'

புதன்: 'சூப்பில் உப்பு இல்லை. மருமகளே, இது டாக்டர் உத்தரவா, உன் உத்தரவா? இரண்டில் எது என்றாலும் மேல்முறையீடு செய்வேன்.'

படித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் அது வேறொன்றாக மாறியது. அன்றைக்கு அவள் அத்தையின் வாயைத் துடைத்துவிட்டு, "சரி அத்தை, சரி" என்று சொல்லிவிட்டுப் போனது நினைவிருந்தது.

வியாழன்: 'எல்லோரும் ஏன் என்னிடம் மெதுவாகப் பேசுகிறீர்கள்? எனக்கு என்ன ஆயிற்று? மறைக்காதே.'

வெள்ளி:

'இல்லம் என்று ஃபோனில் பேசினாய். காது கேட்கிறது எனக்கு. என்னையா? நான் உங்களுக்குப் பாரமா? உண்மையைச் சொல். கோபித்துக்கொள்ள மாட்டேன்.'

ஒரு வரி இடைவெளி. அந்த இடைவெளியில் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். தினமும் அடுப்படியிலிருந்து கேட்கிற குரல்தானே.

'பாரமாகத்தான் இருக்கிறேனா?'

இன்னொரு இடைவெளி.

'சரி. போவதற்கு முன் சின்னவள் குரலைக் கேட்க வேண்டும். ஃபோனை என் காதில் வைத்தால் போதும். நான் பேச முடியாது, அவள் பேசட்டும்.'

அதோடு முடிந்தது. சனிக்கிழமை என்று ஒரு தேதி இருந்தது, கீழே ஒன்றுமில்லை.

ஜி, எச், யூ, கே, எச். பாரமா.

"அக்கா, உக்காருங்க. தண்ணி வேணுமா?"

"இதைப் பிரிண்ட் போடும்மா. அந்த ஃபாண்டையும் இதுல ஏத்திக் குடு."

"படிவம்?"

"வேண்டாம்."

மகன் பதினாலாவது மாடியில், ஒரு லிஃப்ட்டின் கூரைமேல் நின்று கம்பியில் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான். ஃபோனில் பெண்டாட்டி அழுவது கேட்டதும், அம்மா போய்விட்டாள் என்றுதான் நினைத்தான்.

"அத்தைக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் அவள். "அத்தைக்கு ஒண்ணுமே இல்லீங்க. வீட்டுக்கு வாங்க."

வீட்டு வாசல் படிக்கட்டிலேயே உட்காரவைத்து அந்தத் தாளைக் கொடுத்தாள். கிரீஸ் கையோடு வாங்கினான். முதல் பக்கத்தில் அவன் கட்டைவிரல் பதிந்தது.

படித்தான். முதலில் புரியவில்லை. புரிந்ததும் வெள்ளிக்கிழமைக்கு வந்தான். அந்த முதல் இடைவெளியில் விரலை வைத்தான்.

"இங்க நான் என்ன சொன்னேன் தெரியுமா?"



"ஆமாம்மான்னேன்." விரல் கீழே நகர்ந்தது. "இங்கயும் ஆமான்னேன். தலையைத் தடவிக்கிட்டே சொன்னேன். அவங்க ரெண்டு தடவை கேட்டிருக்காங்க. ரெண்டு தடவையும் நான்..."

"உங்களுக்குத் தெரியாதே."

"அவங்களுக்கு அது தெரியுமா?"

முப்பத்தெட்டு வயது மனிதன், படிக்கட்டில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மேல் வீட்டுக்காரர் இறங்கி வந்தார், பார்த்தார், சத்தமில்லாமல் திரும்பி ஏறிப் போனார்.

எனக்கும் அவனைத் திட்ட மனசு வரவில்லை. அவன் சொன்ன ஒவ்வொரு ஆமாவும் அன்பாகத்தான் சொன்னான். அன்பாகச் சொன்னதால்தான் அவள் நம்பியிருப்பாள்.

மணி மூன்றே கால்.

மகன் அம்மாவின் அறைக்குள் போனதும் முதலில் ஜன்னலைத் திறந்தான். ஒரு வாரமாகச் சாத்தியிருந்த கொக்கி முரண்டு பிடித்தது. காற்று வந்து அம்மாவின் நெற்றி முடியைக் கலைத்தது. அவள் கண்ணைத் திறந்து ஜன்னல் பக்கம் பார்த்தாள், திரும்பவும் மூடிக்கொண்டாள்.

மருமகள் லேப்டாப்பில் பென் டிரைவைச் செருகி, கடைப் பெண் சொல்லிக்கொடுத்தபடி ஃபாண்டை ஏற்றினாள். ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்தில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மகன் தரையில் மண்டி போட்டான்.

"அம்மா. நீ அடிச்சது எதையும் நான் படிக்கலம்மா. நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப லேப்டாப்ல புது சிஸ்டம் போட்டேன். எல்லாத்தையும் எடுத்து வெச்சேன், உன் எழுத்தை மட்டும் விட்டுட்டேன். நீ அடிச்சது எல்லாம் இங்கிலீஷா, கன்னாபின்னான்னு வந்துச்சு. உனக்கு நினைவு தப்பிடுச்சுன்னு நினைச்சோம். நீ என்ன கேட்டேன்னே தெரியாமத்தான்மா ஆமா ஆமான்னேன். நீ பாரமில்லம்மா. இல்லவே இல்ல."

அம்மாவின் தலை ஆடியது. எப்போதும் ஆடுகிற மாதிரி.

"ஒரு வார்த்தை அடிம்மா. என்னைத் திட்டு. எதாச்சும் அடி."

போர்வைக்குள் கை அசையவில்லை. அவன் போர்வையைப் பற்றிக்கொண்டு குலுங்கினான். கண்ணீர் போர்வையில் விழுந்தது, கிரீஸும்தான்.

மருமகள் அறைக்கு வெளியே போய்ச் சின்னவளின் எண்ணைப் போட்டாள். நாலு வருஷமாகப் போடாத எண். மாறியிருக்குமோ என்று பயந்தாள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"யாரு?"

"நான்... அண்ணி பேசறேன். வெச்சுடாதே. அம்மா உன் குரலைக் கேக்கணுமாம். நீ பேசினா போதும்."

எதிர்முனையில் சத்தமே இல்லை. வைக்கவும் இல்லை. மருமகள் அந்த மௌனத்தைக் காதோடு அழுத்திக்கொண்டு அறைக்குள் வந்தாள்.

அப்போது வாசலில் ஹாரன் கேட்டது. நாலுக்கு வர வேண்டிய வண்டி இருபது நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டது. வேண்டாம் என்று இல்லத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது இரண்டு பேருக்குமே மறந்துபோயிருந்தது.

ஹாரன் சத்தத்துக்கு அம்மா கண்ணைத் திறந்தாள்.

போர்வைக்குள்ளிருந்து இடது கை மெல்ல வெளியே வந்தது. முதலில் மகனின் தலையில் ஒரு நிமிஷம் இருந்தது. பிறகு மேஜைமேல் தடவிக்கொண்டு போய் விசைகளைக் கண்டுபிடித்தது. விரல்கள் அவற்றின் இடத்தில் உட்கார்ந்தன. திரையைப் பார்க்காமல், பழைய வேகத்தில், அம்மா அடித்தாள்.

மகன் நிமிர்ந்து பார்த்தான். தமிழ். சுத்தமான தமிழ்.

'நாற்பது வருடத்தில் நான் அடித்ததில் பிழை வந்தது கிடையாது. நீ சரியாகத்தான் படித்திருக்கிறாய். உண்மையைச் சொன்னாய், கோபமில்லை. அழாதடா. வண்டியைக் காக்க வைக்காதே.'